கண் ரோட்டில், காது போனில்: டெல்டாவில் வண்டி ஓட்டும் தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் வழி கேட்டால் என்ன பதில் வரும் என்று உனக்குத் தெரியும். "நேரா போம்மா, ஆத்துப் பாலம் வரும். தாண்டினதும் மதகுகிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்பு." சொல்கிறவருக்கு அது துல்லியமான வழி. ஆறும் மதகும் இல்லாத ஊரே டெல்டாவில் இல்லை என்பதால், புதிதாக வருகிறவருக்கு அது போதாது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம்.

அதனால்தான் போனில் இலவசமாகக் கிடைக்கும் குரல் வழிகாட்டி நமக்குப் பெரிய உதவி. கல்யாணத்துக்கோ, வேலைக்கோ, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கோ யாரையும் எதிர்பார்க்காமல் நீயே வண்டியை எடுத்துப் போக முடிகிறது. அந்தத் துணிச்சல் உனக்கு என்றைக்கும் குறையக் கூடாது. ஆனால் காவிரி பாயும் ஊரில் அந்தக் குரலைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எங்கே திரும்புவது என்பதைப் போன் சொல்லட்டும். அந்தப் பாலத்தில் ஏறலாமா, அந்தக் கரை ரோட்டில் இறங்கலாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்லும் அத்தனை டிப்ஸும் இந்த ஒன்றிலிருந்து வந்தவைதான்.

முதலில், இது எப்படி இலவசமானது?

வானத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானவை. 1983இல் வழி தவறி சோவியத் எல்லைக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, ஜிபிஎஸ் வசதி பொதுமக்களுக்கும் தரப்படும் என்று அமெரிக்கா அறிவித்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார்கள். அதை நீக்கிய பிறகுதான் தெரு அளவுக்கு வழிகாட்ட முடிந்தது. 2009இல் கூகுள் தன் ஆண்ட்ராய்டு போன்களில் முதலில் அமெரிக்காவில் இலவசமாகக் குரல் வழிகாட்டியைத் தந்தது. 2010 ஜனவரியில் நோக்கியாவும் தன் போன்களில் இலவசமாக்கியது. அதுவரை காசு கட்டி வாங்க வேண்டிய வசதி இது.

இதில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நீ நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் போனுக்கு நெட் தேவையில்லை. செயற்கைக்கோளின் சமிக்ஞை போதும். நெட் தேவைப்படுவது வரைபடத்துக்கும், நெரிசல் விவரத்துக்கும்தான். இது ஐந்தாவது டிப்ஸில் உதவும்.

1. கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பி, கேட்டைத் தாண்டிய பிறகு ஊர் பெயரைத் தட்டச்சு செய்வது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அதை இன்றோடு விட்டுவிடு. எல்லாவற்றையும் வீட்டுத் திண்ணையிலேயே முடித்துவிட வேண்டும்.

கூகுள் மேப்பின் மேல் மூலையில் உள்ள உன் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸுக்குள் போய், வழிகாட்டும் குரலைத் தமிழுக்கு மாற்று. ஆங்கிலக் குரல் நம் ஊர்ப் பெயர்களை உச்சரிக்கும்போது அது எந்த ஊர் என்று யோசிக்கவே ஒரு நொடி போய்விடும். அந்த ஒரு நொடியில் திருப்பம் தாண்டிவிடும். அதே இடத்தில் குரலின் சத்தத்தைக் கூட்டும் வசதியும், சோதனைக்காக ஒரு முறை பேசவைத்துப் பார்க்கும் வசதியும் இருக்கின்றன.

"குரலே வரவில்லை அக்கா" என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். மேப் திரையில் இருக்கும் ஸ்பீக்கர் படம் மியூட்டில் இருக்கும். அல்லது போனின் மீடியா வால்யூம் குறைந்திருக்கும். ரிங் வால்யூமைக் கூட்டினால் மீடியா வால்யூம் கூடிவிடாது. அல்லது புளூடூத் வேறு எங்கோ, வீட்டு ஸ்பீக்கரிலோ பையில் கிடக்கும் இயர்பட்ஸிலோ இணைந்திருக்கும். இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்பு.

பிறகு, முழு வழியையும் ஒரு முறை விரலால் நகர்த்திப் பார். எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது, எத்தனை பெரிய ஆறு குறுக்கே வருகிறது, கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி இருக்கிறது என்று மனதில் ஏற்றிக்கொள். வழியின் உருவம் மனதில் இருந்தால், ரோட்டில் திரையைப் பார்க்கத் தோன்றாது.

2. ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதே

டெல்டாவில் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பது சாதாரணம். பாபநாசம் என்று போட்டால் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருப்பதும் வரும், திருநெல்வேலிப் பக்கம் பொதிகை மலை அடிவாரத்தில் இருப்பதும் வரும். குரு பகவான் கோயில் இருக்கும் ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னொரு ஆலங்குடி உண்டு. திருக்காட்டுப்பள்ளியும் இரண்டு: மேலைத் திருக்காட்டுப்பள்ளி குடமுருட்டிக் கரையில், கீழைத் திருக்காட்டுப்பள்ளி திருவெண்காட்டுக்குப் பக்கத்தில். கர்ப்பரட்சாம்பிகை கோயில் உள்ள திருக்கருகாவூர் வேறு, சீர்காழிப் பக்கத்துத் திருக்குருகாவூர் வேறு. ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

இதற்குப் பின்கோடுதான் நல்ல காவல். தஞ்சாவூர் மாவட்டப் பின்கோடுகள் 612, 613, 614 என்று தொடங்கும். திருநெல்வேலி 627, புதுக்கோட்டை 622. ஊர்ப் பெயரோடு பின்கோடையும் சேர்த்துப் போட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். மாவட்டப் பெயரைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனி: நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. பழைய முகவரிகளில் பழைய மாவட்டத்தின் பெயரே இருக்கும்.

கிராமத்துக்குப் போவதாக இருந்தால் இன்னும் நல்ல வழி, அந்த வீட்டுக்காரரிடமே வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்வது. அவர் வீட்டு வாசலில் நின்றபடி அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடு. கடைத்தெருவில் நிற்கும்போது அனுப்பினால் நீ கடைத்தெருவுக்குத்தான் போய்ச் சேர்வாய். வாட்ஸ்அப் இல்லாத பெரியவர் வீடு என்றால், மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் வரும் பிளஸ் கோடைக் குறித்து வைத்துக்கொள். கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லாத களத்து மேட்டு வீட்டுக்கும் இந்தக் கோடு உண்டு. ஒரு முறை எழுதி வைத்தால் அடுத்து வருகிற எல்லோருக்கும் உதவும்.

3. வடகரையா, தென்கரையா?

டெல்டாவில் மேப் போட்டு ஓட்டும் யாரும் தவறவிடக் கூடாதது இது. நம் ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக, பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. நீ போக வேண்டிய வீடு எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும்; பாலமோ சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மேப்பில் அந்த வீட்டின் புள்ளி ஆற்றோரமாக விழுந்திருந்தால், அதற்கு மிக அருகில் இருக்கும் ரோட்டுக்கு உன்னைக் கொண்டுபோய் விட்டு, "நீங்கள் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்" என்று குரல் சொல்லிவிடும். அந்த ரோடு இந்தக் கரையில் இருக்கும். வீடு அந்தக் கரையில் இருக்கும்.

அதனால் கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி: "உங்கள் வீடு ஆற்றுக்கு வடகரையா, தென்கரையா? எந்தப் பாலம் வழியாக வரணும்?" இந்தக் கேள்வியைக் கேட்டால் ஊர்க்காரர்கள் மகிழ்ந்து பதில் சொல்வார்கள். அவர்கள் வழியை யோசிப்பதே கரையை வைத்துத்தான். பதில் கிடைத்ததும், அந்தப் பாலத்தையே நடுவில் ஒரு நிறுத்தமாக மேப்பில் சேர்த்துவிடு. பிறகு குரல் உன்னைச் சரியான கரையில்தான் கூட்டிப்போகும்.

கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும் என்றால் இன்னும் கவனம் வேண்டும். திருவையாற்றிலிருந்து அரியலூர் போகும் வழியில் திருமானூர்ப் பாலம், கும்பகோணத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் வழியில் நீலத்தநல்லூர்–மதனத்தூர்ப் பாலம், கீழே அணைக்கரை என்று எண்ணிச் சொல்லும் அளவில்தான் பாலங்கள் உள்ளன. அணைக்கரையில் ஆர்தர் காட்டன் காலத்துக் கீழணையை ஒட்டிய பாதை குறுகலானது. ஒரு பாலத்தைத் தவறவிட்டால் அடுத்த பாலம் வெகு தூரம். எந்தப் பாலம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்.

செயற்கைக்கோள் படத்தையும் அப்படியே நம்பிவிடாதே. கோடையில் எடுத்த படத்தில் ஆறு மணலாகத் தெரியும். வண்டி இறங்கிய தடம்கூட ரோடு போலத் தெரியும். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அந்தத் தடம் இருக்காது.

4. கார் படமா, பைக் படமா?

இந்தியாவில்தான் கூகுள் முதன்முதலாக, 2017 டிசம்பரில், இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழியைக் கொண்டுவந்தது. ஸ்கூட்டியில் போகும்போது அது உனக்கு நல்ல குறுக்குவழிகளைக் காட்டும். ஆனால் அதே போனை எடுத்துக்கொண்டு மறுநாள் காரில் ஏறும்போது பைக் படத்திலேயே விட்டுவிட்டால், காரைக் கொண்டுபோய் வாய்க்கால் கரையில் நிறுத்திவிடும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், எதிரே டிராக்டர். திருப்ப இடமில்லாமல் பின்னாலேயே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் மேலே இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கு.

கார் வழியிலும் கவனம் தேவை. 2024 ஜூலையில், காருக்கு ஒத்துவராத குறுகிய ரோடுகளைத் தவிர்க்கும் வசதியை கூகுள் முதலில் எட்டு நகரங்களில் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. நம் ஊர் இல்லை. "இந்த வழியில் 4 நிமிடம் மிச்சம்" என்று காட்டினாலும், முதல் தடவை போகும் ஊருக்கு பஸ் போகும் ரோட்டையே தேர்ந்தெடு. பஸ் போகும் ரோட்டில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் இருக்கும், இரவில் ஆள் நடமாட்டம் இருக்கும், வண்டி பஞ்சரானால் கேட்க ஆள் இருப்பார்கள். நீலகிரியின் கூடலூரில் 2024 ஜனவரியில் மேப் காட்டிய குறுக்குவழியை நம்பிப் போன கார் ஒன்று படிக்கட்டில் போய் மாட்டிக்கொண்டது. மிச்சமாகும் நான்கு நிமிடத்துக்காக அந்தச் சிரமத்தை வாங்க வேண்டாம்.

5. நெட் கிடைக்காத இடத்துக்கு மேப்பை இறக்கி வை

வயல்வெளி நடுவே சிக்னல் ஒரு கோடாகக் குறையும் இடங்கள் நம் பக்கம் நிறைய. வீட்டு வைஃபையில் இருக்கும்போதே, மேப்பில் உன் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப் பகுதிக்குப் போ. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் அடங்கும்படி கட்டத்தை இழுத்து இறக்கி வைத்துக்கொள். அவ்வப்போது அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். நெட் இல்லாவிட்டாலும் காருக்கான வழியைக் குரல் சொல்லிக்கொண்டே வரும். நெரிசல், ரோடு அடைப்பு விவரம் மட்டும் வராது.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவில் மின்சாரமும் செல்போன் டவரும் சேர்ந்து போயின. உறவுக்காரர் வீட்டுக்கு எந்த ரோடு திறந்திருக்கிறது என்று தெரியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர்! ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் மேப்பை இறக்கி வைப்பதை, வீட்டில் மெழுகுவத்தியும் டார்ச்சும் வாங்கி வைப்பதோடு சேர்த்துச் செய்துவிடு.

கூகுள் தவிர வேறு இலவச வசதிகளும் உண்டு. மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பில்ஸ் நம் நாட்டுச் செயலி. உலகம் முழுவதும் ஆர்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்ஆண்ட் போன்றவை நெட் இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஒன்றைப் பிரதானமாகவும் ஒன்றைத் துணையாகவும் வைத்துக்கொள்.

6. போன் எங்கே இருக்க வேண்டும்?

கையில் இருக்கக் கூடாது, மடியிலும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2020 அக்டோபர் 1 முதல் வந்த விதித் திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் என்று சொல்கிறது. வழிக்காக என்று சொல்லி, நடுவில் வாட்ஸ்அப் பார்க்க இதில் இடம் கிடையாது.

காரில் டேஷ்போர்டில் ஒரு ஹோல்டர் வாங்கி மாட்டு. கண்ணாடி வழியாக ரோடு தெரியும் இடத்தை அது மறைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் கண்ணாடியோரம் வைத்த போன் சூடாகித் திரை மங்கும், சில நேரம் அணைந்தும் போகும். ஏசி காற்று படும் இடத்தில் வைத்தால் தாங்கும். சார்ஜர் ஒயர் வண்டியிலேயே இருக்கட்டும். ஜிபிஎஸ்ஸும் திரையும் சேர்ந்து ஓடினால் பேட்டரி வேகமாக இறங்கும்.

ஸ்கூட்டியில் போகிறவளுக்குத் தனியாகச் சொல்கிறேன். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டாதே. பின்னால் வரும் பஸ்ஸின் ஹார்ன் உனக்குக் கேட்க வேண்டும். பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் போன் அவர்களிடம் இருக்கட்டும். அவர்கள் கேட்டு உன்னிடம் சொல்லட்டும். தனியாகப் போனால், அடுத்த இரண்டு மூன்று திருப்பங்களை மனப்பாடம் செய்துகொண்டு ஓட்டி, ஓரமாக நிறுத்தி, அடுத்ததைக் கேட்டுக்கொள். ஹேண்டில்பாரில் மாட்டும் ஹோல்டர் வேண்டும் என்றால், பைக்கின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது நினைவில் இருக்கட்டும். அதிர்வைக் குறைக்கும் ஹோல்டராகப் பார்த்து வாங்கு.

7. ஓடும்போது காது மட்டும் போதும்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகத்தான் கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் குறுக்கே வர அதில் பாதி தூரம் போதும்.

குரல் சொல்லும் மீட்டரை நொடியாக மாற்றப் பழகிக்கொள். "200 மீட்டரில் இடதுபுறம்" என்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் 18 நொடி, 60இல் 12 நொடி. இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் திருப்பம் எங்கே என்று திரையில் தேட மாட்டாய். குரல் வந்ததும் இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, வேகத்தைக் குறை.

திருப்பத்தைத் தவறவிட்டாயா? விட்டுவிடு. சடாரென்று பிரேக் போடாதே, ரோட்டில் ரிவர்ஸ் எடுக்காதே. குரலே அடுத்த வழியைக் கண்டுபிடித்துச் சொல்லும். தஞ்சாவூர்–கும்பகோணம் மாதிரி நான்கு வழிச்சாலை வேலை நடந்து வழி மாறிய ரோட்டில், மேப்பில் பழைய வழியே சில காலம் இருக்கலாம். மேம்பாலத்தின் மேலே போகிறாயா, கீழே சர்வீஸ் ரோட்டிலா என்பதும் போனுக்குச் சில நேரம் புரியாது. குரலும் கைகாட்டிப் பலகையும் வேறு வேறாகச் சொன்னால் பலகையையே நம்பு.

8. போன் சொல்லாததை நீ எதிர்பார்த்திரு

குறுவை அறுவடையிலும், தை மாசியில் சம்பா அறுவடையிலும் ரோட்டில் நெல் காயும். காய்ந்த நெல்லின் மேல் ஸ்கூட்டியில் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும். அந்த இடம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேராக, பிரேக்கைத் தொடாமல் தாண்டு. வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்விளக்கு தெரியாது. அறுவடை இயந்திரம் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு வரும். கொள்முதல் நிலையத்து வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். இவை எதையும் குரல் சொல்லாது.

ரயில்வே கேட்டுக்கும் நேரம் ஒதுக்கு. நீடாமங்கலம் கேட்டில் காத்து நின்றவர்களுக்கு அது தெரியும். முகூர்த்த நேரத்துக்குப் போகிறவள் மேப் காட்டும் நேரத்தோடு அரை மணி நேரம் கூட்டியே கிளம்ப வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் காவி உடையில் இரவும் பகலும் ரோட்டோரமாக நடந்து வருவார்கள். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் வழியில் அந்த நாட்களில் இரவுப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் மெதுவாகப் போ. திருவையாற்று ஆராதனை, பெரிய கோயில் சதய விழா போன்ற நாட்களில் போலீஸ் வழியை மாற்றிவிடுவார்கள். அப்போது போலீஸ்காரர் கை காட்டும் வழிதான் வழி.

9. பாலம், தண்ணீர், இருட்டு: இங்கே நின்று முடிவு செய்

2023 அக்டோபர் 1ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, கொச்சிக்கு அருகே கொட்டும் மழையில் மேப் பார்த்து வந்த கார், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய் பெரியாற்றில் விழுந்தது. இரண்டு இளம் மருத்துவர்கள் உயிரிழந்தார்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ராமகங்கை ஆற்றின் மேல் வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்தில் ஏறிய கார் கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப்பில் அந்தப் பாலம் இருந்தது, தரையில் இல்லை.

நம் ஊரிலும் ஆறு இருக்கிறது, வெள்ளம் வருகிறது, இடித்துக் கட்டும் பாலம் இருக்கிறது. அதனால் இந்த மூன்று விதிகளை மட்டும் எந்த அவசரத்திலும் மீறாதே:

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் வண்டியை இறக்காதே. தண்ணீருக்கு அடியில் ரோடு அரித்துப் போயிருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது.

தெரியாத கரை ரோட்டில் இருட்டிய பிறகு போகாதே. ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டின் விளிம்பும் ஆற்றின் விளிம்பும் ஒன்றுபோல்தான் தெரியும்.

குரல் ஒரு பாலத்தில் ஏறச் சொல்கிறது, ஆனால் எதிரே ஒரு வண்டியும் வரவில்லை என்றால், நிறுத்து. அருகில் டீக்கடை இருந்தால் கேள். "இந்தப் பாலத்துல கார் போகுமா?" என்ற ஒரே கேள்வி போதும். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்று நம் பெரியவர்கள் சொன்னது போன் வந்த பிறகும் மாறவில்லை.

10. தனியாகப் போகிறாயா?

வழிகாட்டி ஓடும்போதே, பயணத்தைப் பகிரும் வசதி மேப்பில் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டால், நீ எங்கே போய்க்கொண்டிருக்கிறாய், எப்போது சேர்வாய் என்பது அவர்களுக்குத் தெரியும். "எங்கே வர்றே?" என்று அவர்கள் உன்னை ஓட்டும்போது அழைக்க வேண்டியிருக்காது. அழைப்பு வந்தாலும் எடுக்காதே; சேர்ந்த பிறகு பேசு. பெட்ரோல் பங்கைத் தேட வேண்டும் என்றால் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்தி, தேடல் பெட்டியில் இருக்கும் மைக்கைத் தொட்டுத் தமிழிலேயே சொல். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108 என்பது மனப்பாடமாக இருக்கட்டும். அதற்கு மேப் தேவையில்லை.

11. நவக்கிரகக் கோயில்களுக்கு ஒரே சுற்றில்

வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் நவக்கிரகச் சுற்று போகாமல் விடமாட்டார்கள். கூகுள் மேப்பில் ஒரே பயணத்தில் ஒன்பது நிறுத்தங்கள் வரை சேர்க்கலாம். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று ஒவ்வொன்றாகச் சேர். எது முதலில், எது பிறகு என்பதை நீதான் இழுத்து அடுக்க வேண்டும். மேற்கே இருக்கும் திங்களூரில் காலையில் தொடங்கிக் கிழக்கே போவது வசதி. பெரும்பாலான கோயில்கள் மதியம் நடை சாத்தி மாலை 4 மணிக்கு மேல்தான் திறக்கும். வழி நேரத்தோடு நடை நேரத்தையும் பார்த்து, மதியச் சாப்பாட்டை அந்த இடைவேளையில் வைத்துக்கொள். பெரியவர்களோடு போனால் இரண்டு நாளாகப் பிரித்துவிடு.

12. தெரிந்ததை மேப்புக்கும் சொல்லிக்கொடு

உன் ஊர்ப் பாலம் இடிக்கப்பட்டிருந்தால், மேப்பில் ரோடாகத் தெரிவது உண்மையில் வயல் வரப்பு என்றால், கோயிலின் பெயர் தவறாக இருந்தால், வீட்டுக்கு வந்த பிறகு மேப்பில் திருத்தம் அனுப்பு. ரோட்டைச் சேர்க்கவும் திருத்தவும் அதில் இடம் இருக்கிறது. படமும் சேர்த்து அனுப்பலாம். உடனே மாறிவிடாது; ஆனால் அனுப்பாவிட்டால் மாறவே மாறாது. உன் ஊர் வழி உன்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? இலவசமாக வாங்கிக்கொண்ட வசதிக்கு நாம் திருப்பித் தரக்கூடியது இதுதான்.

தங்கச்சி, இத்தனையும் படித்துவிட்டுப் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டிவிடாதே. நீ ஓட்ட வேண்டும், தூரமாகப் போக வேண்டும், புது ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். இன்று இரவே குரலைத் தமிழுக்கு மாற்று, டெல்டா மேப்பை இறக்கி வை, பயணத்தைப் பகிர ஒருவர் பெயரைத் தேர்ந்தெடுத்து வை. இது உனக்குத் தெரிந்த இன்னொரு பெண்ணுக்கும் உதவும் என்றால் அவளுக்கும் சொல்லிக்கொடு. ஓட்டும்போது கண் ரோட்டில், காது போனில்; பாலம் வந்தால் முடிவு உன்னுடையது. பத்திரமாகப் போய் வா.